வீட்டுச் சேவையகமும் பூச்சாடியும்

2012இல் பிரித்தானியாவில் வெளிவந்த றாஸ்பெரி பை என்னும் கையகலக் கணினி, சேவையகம் ஒன்றை வீட்டு மேசையின் மூலையிலேயே மலிவாக இயக்க வழிசெய்தது. அதனோடு மண்ணீரம் அளக்கும் உணரியை இணைத்துப் பூச்சாடியின் நிலையை இரவுபகலாகப் பதிவுசெய்தல் இன்று பலரின் பொழுதுபோக்காகும்.

ஆயின், கருவியின் கூற்றை ஐயுறாது ஏற்றல் தகாது. மலிவான உணரி தன் இரு உலோகக் கால்களுக்கிடையே மண்ணின் மின்தடையை அளக்கின்றது. ஓயாது மின்னோட்டம் செல்லின் மின்பகுப்பினால் அக்கால்கள் அரிபடும், தடை உயரும், ஈரமண்ணும் வறண்டதாகவே காட்டப்படும். அதனை நம்பித் தானாக நீர் வார்க்கும் பொறியை அமைத்தவரின் செடி வேரழுகி மடியும்.

இவ்விடத்தேதான் சேவையகத்தின் பயன் புலனாகின்றது. ஒரு நாளைய எண் செடியைப் பற்றியே பேசுகின்றது. பல மாதப் பதிவோ கருவியையும் காட்டிக்கொடுக்கின்றது. நீர் வார்த்தவுடன் உயரவேண்டிய ஈர அளவு வாரத்துக்கு வாரம் குறைவாகவே உயருமாயின், பழுது உணரியில் உள்ளதெனக் கருத இடமுண்டு. அவ்வையத்தைத் தீர்ப்பதற்கு விரலொன்றை மண்ணில் வைத்துப் பார்த்தல் போதும். அளக்கப்படும் பொருளோடு அளக்கும் கருவியையும் ஐயுறக் கற்பிப்பதனாலேயே இச்சிறு பொழுதுபோக்கு ஆய்வுநெறியின் அரிச்சுவடியாகின்றது.