அக்காவின் நாட்காட்டித் தாள்

என் பெரியம்மா மகள் கலிபோர்னியாவில் படிக்கிறாள். வேதியியலில் பட்டம் பெறுவது அவளது நெடுநாள் ஆசை. முதலாண்டிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் பெரியப்பாவுக்குப் பணம் கட்டி மாளாது. ஆகவே வீட்டருகே உள்ள சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே இரண்டாண்டு படித்து, தகுதி பெற்றால் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிக்கொள்ளலாம். அம்மாநிலத்தில் இத்தகைய கல்லூரிகள் 116 உள்ளன.

"அப்படியானால் எளிதுதானே, அக்கா?" என்று தொலைபேசியில் கேட்டேன். அக்கா சிரித்தாள். ஆனால் அது மகிழ்ச்சிச் சிரிப்பு அன்று.

முதல் பருவத்தில் அவள் வரலாறு, பேச்சுக்கலை, ஓவியம் என்று எடுத்துக்கொண்டாளாம். அறிவியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். (நானும் அப்படித்தான் செய்திருப்பேன்!) பொது வேதியியல் இரண்டு பருவம். அதை முடித்தால்தான் கரிம வேதியியல். அதுவும் இரண்டு பருவம். பௌதிகத்திற்கோ நுண்கணிதம் முன்னால் வரவேண்டும். நான்கு பருவங்களில் ஒன்றைத் தவறவிட்டதும் எல்லாம் பின்னால் தள்ளிப்போயிற்று. மாறுவதற்கு வேண்டிய 60 அலகுகள் சேர்ந்தும், வேதியியல் சேரவில்லை! ஓராண்டு வீணாயிற்று. பெரியம்மா இதை எங்களிடம் சொல்லவே இல்லை.

இப்போது அக்கா ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டிருக்கிறாள். கல்லூரியின் எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் எந்தப் பாடமாக ஏற்கும் என்று காட்டும் 'அஸிஸ்ட்' என்ற இணையதளம் அங்கே உண்டு. அதைப் பார்த்து, கடைசிப் பருவத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நிரப்பினாளாம். இன்னொன்றும் சொன்னாள். அடுத்த இலையுதிர் காலத்தில் சேர, முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் இருப்பது முதலாண்டு மதிப்பெண்கள்தாம். இனிப் படிக்கப்போகும் பாடங்களையும் விண்ணப்பத்தில் எழுதவேண்டுமாம். வராத பருவத்திற்கும் கணக்குக் கேட்கிறார்கள்!

வரும் ஜூனில் நான் மேல்நிலைப் பள்ளியில் பிரிவு தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு நுண்ணுயிரியல் படிக்க ஆசை. அப்பாவோ உயிரியல் வேண்டாம், கணினி உள்ள பிரிவே நல்லது என்கிறார். அக்காவுக்கு ஓராண்டு போனாலும் வழி அடைபடவில்லை. நம் ஊரில் உயிரியலை விட்டுவிட்டால் திரும்பி வருவது கடினம்.

நேற்றிரவு நானும் ஒரு நாட்காட்டித் தாளை எடுத்தேன். மேலே பட்டம், அதன் கீழே கல்லூரி, அதன் கீழே பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டே வந்தேன். பதினோராம் வகுப்புக் கட்டத்தில் பென்சில் நின்றுவிட்டது. அப்பா ஞாயிறன்று ஊரிலிருந்து வருகிறார். தாளை மடித்து வேதியியல் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி