நினைவில் நில்லாத வயதில் நாமக்கல்

"குழந்தைக்கு விவரம் தெரிந்த பிறகு அழைத்துச் செல்லலாமே" என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. மலைக்கோட்டை, குடைவரை, பழைய கோயில் என்று வரலாறு படிந்த ஊர்களுக்குப் புறப்படும்போதெல்லாம் இந்தச் சொல் தவறாமல் வந்து விழும். அதில் நியாயமும் உண்டு. ஏறக்குறைய மூன்று வயதுக்கு முன் நடந்தவை வளர்ந்த பின்னர் நம் நினைவுக்கு எட்டுவதில்லை என்று உளவியலார் கூறுகின்றனர். எட்டாத நினைவுக்காக ஏன் இத்தனை சுமை? பால்புட்டி, மாற்றுடை, தண்ணீர், பிஸ்கட், இவை அனைத்துக்கும் மேலாகக் குழந்தை!

இரண்டு வயது நான்கு மாதம் ஆன மகளைச் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு அழைத்துச் சென்று வந்த எனக்கு இதற்கு விடை சொல்லும் கடமை இருக்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் விடையைப் பிள்ளைத்தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று வளர்ந்து செல்லும் பத்துப் பருவங்களைப் பொதுவாக மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை என்று வகுப்பார்கள். (இன்னும் நீட்டிச் சொல்லும் பாட்டியல் நூல்களும் உண்டு.) வகுப்பில் இதை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். மகள் பிறந்த பின்னர்தான் ஒன்று உறைத்தது. இந்தக் கணக்கின்படி பத்துப் பருவங்களும் குழந்தையின் நினைவில் நில்லாத காலத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. தால் பருவத்துத் தாலாட்டும் நிலவை விளையாட அழைத்ததும் குழந்தைக்கு ஒருநாளும் நினைவிருக்கப் போவதில்லை. இருந்தும் அந்த மாதங்களுக்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருக்கிறோம். அதில் பேசுவதெல்லாம் தாயின் குரலோ செவிலியின் குரலோ தாயாகத் தன்னைப் பாவித்துக்கொண்ட புலவரின் குரலோதான். குழந்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியாததைப் பெரியவர்கள் அதற்காக நினைவில் வைத்திருக்கும் ஏற்பாடு என்று பிள்ளைத்தமிழைச் சொல்லலாமா? இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றுகிறது.

எனக்கு இது வெறும் பாடம் அன்று. 1983ஆம் ஆண்டு, எனக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தபோது, என் அம்மா என்னை நாமக்கல்லுக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1997இல்தான். அந்தப் பயணத்தில் ஒரு துளியும் எனக்கு நினைவில்லை. ஆனால் கூரையில்லாத வெளியில் பதினெட்டடி உயரத்துக்கு நிற்கும் ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்து, "கீழ வா, கீழ வா" என்று நான் கையசைத்துக் கூப்பிட்டதாக அம்மா சொல்வார். ஒருமுறை சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டே கூப்பிட்டிருப்பேன். இன்னொரு முறை அழுதுகொண்டே கூப்பிட்டிருப்பேன். எப்படியிருந்தாலும் அது என்னுடைய வருகைப் பருவம்! என் வாழ்வின் அந்த ஒரு நாள் முழுவதும் அம்மாவிடம்தான் இருந்தது.

அம்மா 2019இல் காலமானார். எனக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தையில்லை. நாமகிரித் தாயாருக்கு அவர் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். அவர் இறந்து நான்காம் ஆண்டில், என் நாற்பத்திரண்டாம் வயதில் மகள் பிறந்தாள். வேண்டியவர் இல்லை, வேண்டுதல் மட்டும் பாக்கி நின்றது.

அதைத் தீர்க்க ஒரு ஞாயிறு காலை இருள் பிரியும் முன்னரே காரில் புறப்பட்டோம். ஐம்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தொலைவு. மல்லூர், ஆண்டகளூர்க்கேட், புதுச்சத்திரம் என்று சாலை தெற்கே இறங்குகிறது. வழியெங்கும் லாரிகள். நாமக்கல் லாரிகளுக்கும் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர்பெற்றது. எரிவாயு டேங்கர்களும் முட்டை ஏற்றிய வண்டிகளும் நிரைநிரையாகச் செல்லும். மகள் ஒவ்வொன்றுக்கும் "லாலி" என்று வணக்கம் வைத்துக்கொண்டே வந்தாள். அதியர் மரபு, குடைவரைக் காலம் என்று நான் கணவருக்குத் தொடங்கிய விரிவுரையை அந்த "லாலி" ஒவ்வொரு நிமிடமும் வெட்டியது.

ஊரின் நடுவே ஒற்றைப் பாறை. அறுபது மீட்டருக்கு மேல் உயரம். தலையில் கோட்டை, மேற்கு மடியில் நரசிம்மர் குடைவரை, கிழக்கு மடியில் அரங்கநாதர் குடைவரை. கோட்டை நாயக்கர் காலத்தது என்பர். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கைமாறியது. பாறை வந்த கதையை ஊரார் வேறு விதமாகச் சொல்கிறார்கள். அனுமன் சாளக்கிராமம் ஒன்றைச் சுமந்து வந்தாராம். நீராடுவதற்காகக் கமலாலயக் குளத்தருகே அதை இறக்கி வைத்தாராம். திரும்பி வந்து தூக்கப் பார்த்தால் அசையவில்லையாம். அதுவே மலையானது. குழந்தையைச் சுமந்து நடக்கும் எவருக்கும் இந்தக் கதையில் ஐயம் எழாது. சற்று இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள், தெரியும்.

நரசிம்மர் குடைவரையைப் பற்றி நான் படித்துக்கொண்டு போயிருந்தேன். நடுவே அமர்ந்த கோலத்தில் நரசிம்மர். சுவர்களில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், வராகர், காலை உயர்த்தி உலகளக்கும் திரிவிக்கிரமர். தமிழகக் குடைவரைச் சிற்பங்களில் முதல் வரிசையில் வைக்கத்தக்கவை. மகள் அவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. படியேறும்போது எண்ணினாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு, மூணு. அவளுடைய எண்வரிசை அங்கே முடிந்து திரும்பவும் தொடங்கும். மூன்றடிக்குள் உலகம் அடங்கிவிடும் என்பதில் அவளுக்கும் அந்தச் சுவரில் இருப்பவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பின்பு தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைக் கல்லில் வைத்து, "ஜில்லு" என்றாள். நானும் குனிந்து உள்ளங்கையை வைத்தேன். குளிர்ச்சிதான். வெளியே பாறை சுடத் தொடங்கிவிட்ட வேளை. குடைவரை என்பது சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் முன்னால் ஒரு நிழல் என்பதை எந்த நூலிலும் நான் குறித்து வைத்ததில்லை.

தாயார் சன்னதியில் கூட்டம் குறைவு. கணித மேதை இராமானுசனின் குடும்பம் வழிபட்ட தெய்வம் இவள். கோமளத்தம்மாளுக்குக் குழந்தையில்லாத நாள்களில் அவர் வீட்டார் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டனர் என்றும், அதன் பின்னர் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் இராமானுசன் பிறந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். இரண்டு வயதில் அம்மை கண்டு பிழைத்தவர். மூன்று வயது வரை அதிகம் பேசாத குழந்தை. 1914 மார்ச் 17 அன்று கப்பலேறுவதற்கு முன்பு தாயாரின் அனுமதி வேண்டி இந்தக் கோயிலில் இரவுகள் தங்கியிருந்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அம்மை கண்டதையும் பேச்சு தாமதித்ததையும் இராமானுசன் தாமாக நினைவில் வைத்திருந்திருப்பாரா? யாரோ ஒரு தாயோ பாட்டியோ சொல்லிச் சொல்லித்தான் அந்தச் செய்திகள் புத்தகம் வரை வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

வாசலில் பூ விற்ற அம்மாள் மகளைப் பார்த்துவிட்டு என்னிடம், "பேத்திங்களா?" என்றார்.

"இல்லைங்க, மகள்."

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. கேட்டவர்கள் சங்கடப்படுவதும் நான் சிரித்துச் சமாளிப்பதும் பழகிவிட்டன. இவர் சங்கடப்படவில்லை. "அதுக்கென்னங்க, தாயாரு குடுத்தா எப்பக் குடுத்தா என்னங்க" என்று சொல்லி ஒரு கிள்ளு மல்லிகையை மகள் முடியில் செருகினார். முடி போதாமல் பூ கீழே விழுந்தது. மகள் அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அம்மாவின் வேண்டுதலைத் தீர்த்தோம். பட்டரிடம் மகளின் பெயரைச் சொன்ன பிறகு அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

அரங்கநாதரைக் காண மறுபுறம் சென்றோம். ஆதிசேடனுக்குப் பதிலாகக் கார்க்கோடகன்மீது பள்ளிகொண்ட கோலம் என்பர். மகள் உதட்டில் விரல் வைத்து எங்களை அடக்கினாள். "சாமி தூங்குது." அத்துடன் என் விளக்கவுரை நின்றது. இந்தக் குடைவரைக்குக் கல்வெட்டு இட்ட பெயர் அதியேந்திர விஷ்ணுகிருகம். எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பொதுவான கருத்து. எடுப்பித்தவன் அதியர் மரபினனான குணசீலன். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியோடு இந்த மரபினரை இணைத்துப் பேசுவது வழக்கம். அந்த அஞ்சியிடம்தான் ஔவையார், யாழிசைபோல் இனிமையும் இல்லாமல் காலத்தோடும் பொருந்தாமல் பொருளும் விளங்காமல் இருந்தாலும் தந்தையர்க்கு மழலை அருள் சுரக்கச் செய்யும், என் சொற்களும் உனக்கு அப்படியே என்ற கருத்தில் பாடினார். புறநானூற்றின் 92ஆம் பாட்டு. அஞ்சியின் பெயர் சொல்லும் மரபின் குகைக்குள், உறங்கும் கடவுளை எழுப்பிவிடாதீர்கள் என்று கட்டளையிட்ட மழலையை அவள் தந்தை எப்படிக் கேட்டார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உரையாசிரியர் யாரும் தேவைப்படவில்லை.

கோட்டைக்கு ஏறும் படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை, குறுகலானவை. மகளின் முழங்காலுக்கு மேல் வரும் படிகள். தூக்கிக்கொள்ள விடமாட்டாள், தானே ஏற வேண்டும். ஏழெட்டுப் படிகளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு உட்கார்ந்து கூழாங்கற்களைப் பொறுக்கத் தொடங்கினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "நீ மட்டும் போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர். மேலே அண்ணாந்து பார்த்தேன். இவள் என்னோடு வாதிட்டுக்கொண்டே இந்தப் படிகளில் ஏறக்கூடிய பதினாறு வயதில் எனக்கு ஐம்பத்தெட்டு ஆகியிருக்கும். இப்போதே இடது முழங்கால் மாடிப்படிகளில் பேசுகிறது. கணக்கு மூன்றோடு நிற்பவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. நான் ஏறவில்லை, அவளருகே அமர்ந்து கல் பொறுக்கினேன்.

கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நினைவில்லத்தையும் பார்க்க நினைத்திருந்தோம். ஆஞ்சநேயர் கோயிலில் மிளகு வடையைக் கடித்துக்கொண்டே மகள் தோளில் உறங்கிவிட்டாள். அம்மா சொன்ன இடத்தில்தான் நின்றிருந்தோம். கைகூப்பி, நரசிம்மரை நோக்கி, மேலே கூரையின்றி நிற்கும் அதே ஆஞ்சநேயர். அவரைக் கூப்பிடாமலேயே அவள் உறங்கினாள்.

இதைத்தான் விடையாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த வயதில் குழந்தையை ஓர் ஊருக்கு அழைத்துச் செல்வது அதன் நினைவுக்காகச் செய்யும் காரியம் இல்லை. அந்த நாளைச் சுமந்திருக்கப் போவது நாம். சுமப்பவர் போய்விட்டால் நாளும் போய்விடும். நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்பதற்கு இன்று எனக்கு ஆளில்லை. பிந்திப் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் காலமும் சற்றுக் குறைவு. குணசீலன் கெட்டிக்காரன், செய்ததைப் பாறையிலேயே எழுதிவைத்தான். நம் கையில் பாறை இல்லை. ஒரு நாட்குறிப்பு போதும்: தேதி, ஊர், உடன் இருந்தவர்கள், குழந்தை சொன்ன இரண்டு சொல். நிழற்படம் இருக்கிறதே என்பீர்கள். "ஜில்லு" என்று அவள் சொன்னதை எந்தப் படத்திலிருந்து கேட்பது?

செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை ஏழு மணிக்குள் மலையடியில் இருங்கள். பாறை சூடேறிவிட்டால் சிறு பாதங்கள் தாங்கா. இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிடாதீர்கள். வீடு திரும்பியதும் குழந்தை உறங்குகிற நேரத்தில் எழுதிவிடுங்கள். சொல்லும்போது மாறிவிடுகிறது, எழுதினால் ஓரளவு நிற்கிறது.