தண்ணீர் போன வழி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்னரே ஜீப்புகள் விழித்துவிடும். மலைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவை போடிமெட்டுக்கு ஏறும், மாலையில் இறங்கும். அவற்றுள் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தையார். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் பழைய டீசல் ஜீப். வயதில் எனக்கு மூத்தது. எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். என் கட்டணத்தைக் கட்டி வருவது அந்த ஜீப்தான். ஆகவே அதற்கு வந்த நோயைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டென்று நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

நோய் இதுதான். வண்டி தண்ணீர் குடித்தது. காலையில் ரேடியேட்டரை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், மெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு லிட்டருக்கு மேல் காணாமற்போகும். வெப்பமானி முள் பதினைந்தாவது வளைவிலேயே சிவப்பை எட்டிப் பார்க்கும். ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. இரவு முழுவதும் அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தோம். காலையில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தண்ணி வெளியே போகலைன்னா உள்ளே போகுதுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கட்தான் அண்ணே" என்றார் பட்டறைக்கார மாமா. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சுவடே இல்லாமல் தண்ணீர் குறைந்தால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். என்ஜினின் தலையைக் கழற்றி, முகத்தைச் சீராக்கி, கேஸ்கட் மாற்றிப் பூட்டப் பன்னிரண்டாயிரம் ரூபாய். நான்கு நாள் வண்டி நிற்கும். வண்டி நின்றால் பத்துப் பெண்களுக்கும் அன்றாடக் கூலி போகும். அம்மா ஒன்றும் பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பேசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திராது.

இங்கே சிறிது பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ஜினில் எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்நீர்தான் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அந்த நீர் சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும். மலையேற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், 1,300 மீட்டருக்கும் உயரமான போடிமெட்டில் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதைத் தடுக்கவே ரேடியேட்டர் மூடியில் விசை வைத்த ஒரு வால்வு இருக்கிறது. எங்கள் மூடியில் 0.9 என்று பொறித்திருந்தது. அதாவது சுமார் 13 பவுண்டு அழுத்தம். அவ்வழுத்தம் நிலைத்தால் சமவெளியில் தண்ணீர் 118 டிகிரி வரையில் கொதிக்காது. (சூடான ரேடியேட்டரைத் திறப்பது ஏன் ஆபத்து என்பதும் இதனால் விளங்கும். அப்பாவின் இடது முன்கையில் உள்ள தழும்பு அதற்குச் சாட்சி.) ஆகவே ஓர் ஊசித் துளை இருந்தாலும் இரட்டை நஷ்டம்: தண்ணீரும் போகும், அழுத்தமும் போகும்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் வேறு அடையாளங்களும் தெரிய வேண்டுமல்லவா? எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தேன்; எண்ணெய் கறுப்பாகவே இருந்தது, பால் கலந்த காப்பி நிறமில்லை. புகையில் வெண்மை இல்லை. என்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் நீரில் குமிழி இல்லை. இவற்றைச் சொன்னேன். மாமா தலையை ஆட்டினாரே தவிர மனம் மாறவில்லை.

உண்மையான துப்புத் தந்தவர் முன் இருக்கையில் வரும் ஓர் அத்தை. ஒரு சனிக்கிழமை மாலை கூலியை முந்தானையில் முடிந்துகொண்டே, "ஏப்பா, ஏறும்போது மட்டும் பாகு கருகுற மாதிரி ஒரு வாசம் வருதே, இறங்கையில வரலையே, அது என்னப்பா?" என்று கேட்டார். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சுரீர் என்றது. ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் திரவத்தில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். சூட்டில் அது ஆவியாகும்போது வருவது இனிப்பு வாசம். இறக்கத்தில் என்ஜினுக்குச் சுமை இல்லை. ஏற்றத்தில்தான் புகைக்குழாய் கொதிக்கிறது. அப்படியானால் தண்ணீர் வெளியேதான் போகிறது. சூடான குழாயின் மேல் பட்டுத் தரையைத் தொடுமுன்னே ஆவியாகிவிடுகிறது!

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் பொறுங்கப்பா" என்றேன். அப்பா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "படிச்ச பையன் சொல்றான், பாத்துருவோம்" என்று மாமாவிடம் சொன்னார். வண்டி விஷயத்தில் அவர் என் சொல்லைக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பழைய ரேடியேட்டர் மூடி ஒன்றில் துளையிட்டு, டியூப் இல்லாத டயரின் வால்வைப் பொருத்திக் கொடுத்தவர் மாமாவேதான். குளிர்ந்திருந்த என்ஜினில் அதை மாட்டி, கால் பம்பால் 13 பவுண்டு வரை காற்றடித்தோம். கால் மணி நேரத்தில் 11-க்கு இறங்கிற்று. சொட்டு எதுவும் இல்லை. மறுபடி ஏற்றி, ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி என்ஜினைச் சுழற்றினோம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அந்தத் துளைகள் வழியே பீச்சியடித்திருக்கும். காற்றுதான் வந்தது. மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சரி, உள்ளே போகலை" என்றார்.

அடுத்து நான் பையிலிருந்து எடுத்தது சாக்கட்டித் துண்டுகள். முற்காலத்தில் இரயில்வே பணிமனைகளில் இரும்பில் எண்ணெய் தடவித் துடைத்து, மேலே வெண்பொடி பூசுவார்களாம். விரிசலிலிருந்து எண்ணெய் கசிந்து பொடியில் கறையாகக் காட்டிக்கொடுக்கும். அதே வித்தையைத் தண்ணீருக்குச் செய்தோம். புகைக்குழாய்ப் பக்கத்து அழுக்கை டீசலால் கழுவித் துடைத்து, குழைத்த சாக்குப்பொடியைப் பூசி உலரவிட்டு, மீண்டும் காற்றடித்தோம். நேரே பார்க்க முடியாத சந்து. அம்மாவின் கைக்கண்ணாடியை உள்ளே நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையின் நடுவில் ஏலவிதையளவு ஓர் ஈரப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மிளகளவாயிற்று.

அது கோர் பிளக் எனப்படும் மெல்லிய தகட்டு மூடி. என்ஜின் உடலை வார்க்கும்போது, நீர் ஓடும் அறைகளுக்காக உள்ளே மணல் கருக்களை வைப்பார்கள். வார்த்தபின் மணலை வெளியேற்றும் துளைகளை இத்தகைய மூடிகளால் அடைப்பார்கள். புதிதில் ஊற்றும் குளிர்திரவத்தில் துருத்தடுப்பு மருந்து உண்டு. தினமும் குறைந்த அளவுக்கு ஓடைத் தண்ணீரை ஊற்றி வந்ததில் மருந்து நீர்த்துப்போய், தகடு உள்ளிருந்தே அரித்துவிட்டது. சூடும் அழுத்தமும் ஏறினால் துளை வாய் திறக்கும். ஆறினால் துரு அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள் நனையாத மர்மம் இவ்வளவுதான்.

புகைக்குழாயை இறக்கி, அந்தப் பக்கம் இருந்த மூன்று மூடிகளையும் பித்தளையில் மாற்றினார் மாமா. அவர் கூலியையும் சேர்த்து 1,400 ரூபாய். திங்களன்று வண்டி வழக்கம்போல் ஏறிற்று. மெட்டில் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தோம். சூட்டுக்கு நீர் கோட்டுக்கு ஒரு விரல் மேலேயே நின்றது. தோடு அம்மாவின் காதுக்குத் திரும்பிவிட்டது.

என்ஜினின் பின்புறத்தில், கியர்பாக்ஸ் மூடியிருக்கும் இடத்தில், அதே வயதுடைய இன்னொரு மூடி இருக்கிறதாம். கிளட்ச் மாற்றும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் மாமா. அதுவரையில் ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைப் பின் இருக்கையின் அடியிலிருந்து எடுக்க வேண்டாமென்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.