சொன்னால் நம்பணும்

மாதத்தில் 15 நாளுக்கும் மேல் தலை வலித்தது. வீட்டிலும் கல்லூரியிலும் அதற்குப் பெயர் சாக்கு. இப்போது 12 வாரத்துக்கு ஒருமுறை நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என 31 இடங்களில் போடாக்ஸ் ஊசி. வலிச் செய்தி கடத்தும் நரம்பு முனைகளை அது அடக்கிவைக்கிறது. வலி ஒழியவில்லை, வலியில்லாத நாட்கள் கூடியிருக்கின்றன.

“இந்த வயசுல அழகு கேக்குதா?” என்கிறார்கள். தொடக்கமே அங்கேதான். 1990களில் அமெரிக்காவில் முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள், தலைவலியும் குறைந்ததாகச் சொன்னார்கள். மருத்துவர் ஒருவர் அதைக் காதில் வாங்கினார். ஆய்வுகளுக்குப் பின் 2010இல் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ மும்மடங்கு வாட்டும் நோய் இது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் சொல்வதை முதலில் நம்புவோம்.