தேதி முடிந்த நெருப்பு

எங்க வேலையில 'எக்ஸ்பைர்டு' என்றால் செத்துப்போனது. செர்டிபிகேட் தேதி முடிந்தால் பிரவுசர் உள்ளே விடாது, அவ்வளவுதான். கப்பல் ஃப்ளேர் அப்படி இல்லை. கடலில் மாட்டிக்கொண்டவர்கள் கொளுத்திக் காட்டும் இந்தச் சிவப்பு நெருப்புக்கு வழக்கமாக 3 வருஷம் ஆயுள். அதற்குப் பிறகு அவசரத்தில் அது கைகொடுக்கும் என்ற உறுதிதான் போகிறது. மருந்து உள்ளேயேதான் இருக்கிறது.

ஈக்காட்டுத்தாங்கல் காயலாங்கடை ஒன்றில், பழைய லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு கை ஃப்ளேரைப் பார்த்தேன். "டேட் முடிஞ்சு போச்சு தம்பி. பக்கெட் தண்ணில ஊறவச்சு அறுத்துடலாம்" என்றார் கடைக்கார அண்ணன்.

தண்ணீரா! எரிகிற ஃப்ளேரை 10 செ.மீ. ஆழத்தில் 10 விநாடி முக்கி எடுத்தாலும் அது தொடர்ந்து எரிய வேண்டும். சர்வதேச விதி அதற்கு வைக்கிற பரீட்சையே அதுதான். உறையும் தண்ணீர் புகாதது. ராக்கெட் வகை இன்னும் மோசம், 300 மீட்டர் உயரம் பாயும். 2013இல் பொலிவியாவின் ஒருரோ நகரில், கால்பந்து மைதானத்தில் பாய்ந்த கப்பல் ஃப்ளேர் ஒன்று 14 வயதுப் பையனைக் கொன்றது.

சரி, பீச்சில் கொளுத்தித் தீர்த்துவிடலாமா? அதைப் பார்த்துக் கடலோரக் காவல்படை யாரையோ தேடிக் கிளம்பும். குப்பையில் போட்டால், லாரிக்குப் பின்னால் நிற்பவர் கையில் வெடிக்கும். சட்டப்படி இது வெடிபொருள். இதைக் கவனிக்கும் பெசோவின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கப்பல் கம்பெனி தன் ஏஜென்ட் மூலம் அங்கே போய்விடும். காயலாங்கடைக்கு ஏது ஏஜென்ட்? புது ஃப்ளேர் விற்கிறவரே பழசைத் திரும்ப வாங்கணும், அந்தச் செலவு பில்லிலேயே ஏறணும் என்பேன்.

அண்ணன் ஹாக்ஸா பிளேடைக் கீழே வைத்தார். அதைத் தொடாமல், பக்கத்தில் யாரையும் பீடி பிடிக்க விடாமல், போலீஸுக்குப் போன் போட்டோம்.