துவர்ப்பு அடங்கும் வரை

பிள்ளைகளே,

பிரான்ஸ் நாட்டின் போர்தோ முறையில் செய்த சிவப்பு ஒயினை அது புளித்து முடிந்த முதல் வருடத்தில் வாயில் விட்டால் நாக்கு சொரசொரக்கும். ஈறு இறுகும், கன்னத்தின் உட்புறம் வறண்டுபோகும். அந்தத் துவர்ப்பைத் தாங்காமல் முகம் சுளித்து நகர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே துவர்ப்பில், வரப்போகும் பதினைந்து வருடங்களுக்கான பலத்தைக் கண்டுகொண்டவர்களோடும் வேலை செய்திருக்கிறேன். இந்த இரண்டாம் வகையினரிடம் கற்றதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் சிலமலை. ஊரில் பாதிப் பேருக்கு மேற்கே தெரியும் மலைதான் பிழைப்பு. விடிவதற்குள் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்புவார்கள். நான் வேதியியல் படித்துவிட்டு வேறு மலைக்குப் போனேன். நந்தி மலையடிவாரத்திலும் பிறகு நாசிக் பக்கத்திலும் ஒயின் ஆலைகளின் நிலவறைகளில் என் உழைக்கும் வயது கழிந்தது. குடியால் குலைந்த குடும்பங்களை நம் தெருக்களிலேயே பார்த்து வளர்ந்தவன் நான். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு பொருளைப் பக்குவப்படுத்தக் காலத்தை எப்படித் துணைக்கு அழைத்துக்கொள்வது என்பதை அந்த வேலை எனக்குக் காட்டியது. அது மனிதருக்கும் வேண்டிய அறிவு.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே ஒன்று சொன்னார்: "விழுங்காதே, துப்பு. ஆனால் துப்பியதை மறக்காதே." சுவை பார்ப்பவருடைய வேலை அதுதான். கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்து ஓரத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஊதா ஓடினால் இளசு. செங்கல் நிறம் ஏறினால் வயது கூடியிருக்கிறது. அசைக்காமல் ஒருமுறை, சுழற்றிவிட்டு ஒருமுறை முகர வேண்டும். சிறிது வாயில் எடுத்து, கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, வாய் முழுக்கப் படரவிட்டு, புளிப்பு எங்கே நிற்கிறது, துவர்ப்பு பொடியாக இருக்கிறதா முரடாக இருக்கிறதா, துப்பிய பிறகு மணம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு துப்பிவிட்டு நோட்டில் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே பீப்பாயை மீண்டும் சுவைத்து, பழைய குறிப்போடு ஒப்பிட வேண்டும்.

விழுங்கியவர்கள் பத்தாவது கிண்ணத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழந்தார்கள். துப்பியவர்கள் நாற்பதாவது கிண்ணத்திலும் தெளிவாக இருந்தார்கள். ருசியை அறிய விரும்புகிறவர் ருசியின் மேலுள்ள ஆசையைக் கையெட்டும் தூரத்தில் தள்ளி நிறுத்தப் பழக வேண்டும். உங்கள் காலத்தில் எல்லாமே விழுங்குவதற்குத் தயாராக வந்து நிற்கின்றன. கொஞ்சம் எடுத்துப் பார்த்து, அறிந்துகொண்டு, விட்டுவிடும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

போர்தோ ஒயின் ஒரு திராட்சையில் ஆவதில்லை. கபெர்னே சோவிஞ்யோன் அதற்கு முதுகெலும்பு; தடித்த தோல், நிறைந்த துவர்ப்பு, தாமதமான முதிர்ச்சி. மெர்லோ அதற்குச் சில வாரம் முன்பே பழுக்கும், சதைப்பற்றும் மென்மையும் தரும். கபெர்னே பிரான் நறுமணம் சேர்க்கும். பெத்தி வெர்தோ எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் நல்ல வெயில் காய்ந்த வருடத்தில்தான் முழுதாகப் பழுக்கும். அந்த ஊர்க் குடியானவர்கள் இத்தனை வகையை நட்டது ருசிக்காக மட்டும் இல்லை. கடற்காற்று வீசும் நாடு அது. பூக்கும் பருவத்தில் மழை பிடித்தால் மெர்லோ கெடும், அறுவடை நேரத்தில் பிடித்தால் கபெர்னே கெடும். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். 1956 பிப்ரவரியில் விழுந்த கொடும்பனியில் அந்தப் பகுதியின் கொடிகள் ஏராளமாகச் செத்துப்போயின. மறுபடி நட்டுத்தான் எழுந்தார்கள்.

ஒரு வருடம் எங்கள் ஆலையில் பெத்தி வெர்தோ மை போலக் கறுத்து, வாயில் வைக்க முடியாத முரட்டுத்தனத்தோடு வந்தது. மலிவான சரக்கோடு சேர்த்துக் கரைத்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். பெரியவர் கேட்கவில்லை. அளவுக் குழாயில் நூறு பங்குக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். நான்கு பங்கில் அதுவரை தளர்ந்து கிடந்த கலவை நிமிர்ந்து நின்றது. ஆறு பங்கில் கெட்டது. தனியாக யாருக்கும் பிடிக்காத மனிதர்கள் சிலர் ஒரு குழுவில் தமக்குரிய அளவில் இருக்கும்போது அந்தக் குழுவே நிமிர்வதைப் பின்னாளில் நான் பலமுறை கண்டேன். நாளை நீங்கள் நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்துக்கு வருவீர்கள். முரடரைத் தள்ளுவதற்கு முன் அளவை மாற்றிப் பாருங்கள்.

இனி முதுமைக்கு வருகிறேன். கலந்த ஒயின் ஓக் மரப் பீப்பாய்க்குப் போகும். போர்தோ பீப்பாய் 225 லிட்டர் பிடிக்கும். ஏறக்குறைய 300 பாட்டில். அதில் ஒன்றரை வருடம் போலக் கிடக்கும். மரத்தின் நுண்துளை வழியே ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகும், காற்றும் சிறிது சிறிதாக உள்ளே வரும். குறைந்ததை அவ்வப்போது ஊற்றி நிரப்பாவிட்டால் உள்ளே காற்று தங்கிக் காடியாகிவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை தெளிவை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றி, அடியில் தங்கிய கசடைக் கழுவ வேண்டும். பாட்டிலில் அடைத்த பிறகும் வேலை நிற்பதில்லை. ஆள் கை படாமல் உள்ளே நடக்கிறது. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள், கடுக்காயிலும் நாவல் கொட்டையிலும் தேயிலையிலும் இருக்கும் அதே இனம், நிறப்பொருளோடு சேர்ந்து நீண்ட சங்கிலிகளாகப் பிணைகிறது. கனம் தாங்காத சங்கிலிகள் வண்டலாக அடியில் இறங்குகின்றன. இறங்க இறங்க ஒயின் மென்மையாகிறது. பழ வாசனை தணிந்து, தேவதாரு, புகையிலை, காய்ந்த இலை, ஈர மண் என்று வேறு மணங்கள் எழுகின்றன. துவர்ப்பே இல்லாமல் பிறந்த ஒயினுக்கு இந்தப் பயணத்துக்கான கட்டுச்சோறு கிடையாது. இளமையில் வாய்த்த கடினத்தைக் குறை என்று நினைக்காதீர்கள் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தால்தான்.

இந்தப் பயணத்தின் நடுவில் ஒரு காலம் வரும். அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறீர்கள். பாட்டிலில் அடைத்த சில வருடங்களில் நல்ல ஒயின் திடீரென்று வாயடைத்துப் போகும். இளமையின் பழ மணம் போயிருக்கும். முதுமையின் மணம் இன்னும் வந்திருக்காது. துவர்ப்பும் புளிப்பும் மட்டும் வெளியே நிற்கும். அந்த நேரத்தில் திறந்தவர், 'இது செத்துவிட்டது' என்றுதான் சொல்வார். ஒருமுறை ஒரு முழு வருடச் சரக்கை அப்படி ஒதுக்கிவைக்க முடிவானது. வாங்க ஆள் இல்லாததால் அது கிடங்கில் கிடந்தது. பல வருடம் கழித்து ஒரு பாட்டிலைத் திறந்தபோது அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் செய்ததிலேயே சிறந்தது அது. படிப்பின் பளபளப்பு தீர்ந்து, தொழிலின் மதிப்பு இன்னும் வந்து சேராத இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் உங்களைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்புகளை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பருவத்தில் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் தீர்ப்பும் பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும்.

ஆனால் கிடந்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. முதுமைக்குக் காவல் வேண்டும். பன்னிரண்டு பதினான்கு டிகிரி குளிர்ச்சி, இருட்டு, அசைவில்லாத இடம், தக்கை காயாதபடி படுக்கவைத்த பாட்டில், காற்றில் போதிய ஈரம். இவற்றில் வெப்பம்தான் பெரிய பகை. சரக்கை வாங்கி வைத்திருந்த ஓரிடத்தில் கோடை மின்வெட்டில் குளிரூட்டி நின்றுபோய், பார்ப்பார் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தது. தக்கைகள் மேலெழும்பி, ஒயின் கசிந்து ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது வேகவைத்த பழச்சாறு. அதற்கும் நல்ல துவர்ப்பு இருந்தது, நல்ல கொடியின் பழம்தான். பொறுமையாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கெட்ட சேர்க்கையிலும் தூக்கம் கெட்ட இரவுகளிலும் கிடக்கிற பிள்ளையை நினைத்தால் எனக்கு அந்தக் கிடங்குதான் ஞாபகம் வருகிறது. காத்திருக்கும் வருடங்களில் உங்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகம் அறிந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் ஒரு போட்டி நடத்தினார். பெயர் தெரியாமல் மறைத்து ஊற்றிய பத்துச் சிவப்பு ஒயின்கள். நான்கு போர்தோ, ஆறு கலிபோர்னியா. நடுவர்களோ பிரான்ஸின் பெரிய ருசிவல்லுநர்கள். கலிபோர்னியாவின் 'ஸ்டாக்ஸ் லீப்' 1973 முதலிடம் பெற்றது. போர்தோவின் புகழ்பெற்ற 'மூத்தோன் ரோத்சீல்ட்' 1970 இரண்டாவது. இன்றும் எல்லோரும் பேசுவது அந்த முதலிடத்தைத்தான். என் கண் போவது ஐந்தாம் இடத்துக்கு. 'ரிட்ஜ் மான்டே பெல்லோ' 1971, கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் மலைச் சரிவில் விளைந்தது.

தோற்றவர்கள் ஒரு வாதம் வைத்தார்கள்: கலிபோர்னியா ஒயின் இளமையில் மயக்கும், வயதைத் தாங்காது. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். காலத்திடம் விட்டுவிட வேண்டிய நியாயமான கேள்வி அது. முப்பது வருடம் கழித்து, 2006 மே 24 அன்று, லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் அதே வருடங்களின் அதே ஒயின்களை மீண்டும் மறைத்து ஊற்றினார்கள். முதலிடம் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971. முப்பது வருடத்துக்கு முன் ஐந்தாவதாக நின்ற அதுவேதான். இடையில் அந்தப் பாட்டில்களில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. இருந்தது முழுதும் முதல் நாளே உள்ளே இருந்தது. வெளியே வர முப்பது வருடம் எடுத்தது.

மூத்தோனுக்கும் ஒரு கதை உண்டு. 1855-இல் போர்தோ ஒயின்களுக்குத் தரவரிசை போட்டபோது அதை இரண்டாம் நிலையில் வைத்தார்கள். 1922-இல் இருபது வயதில் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற பிலிப் த ரோத்சீல்ட், அதை உயர்த்துவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். முதல் நிலை கிடைத்தது 1973-இல். எழுபதைத் தாண்டியிருந்தார். குறை சொல்லிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. அத்தனை வருடமும் தோட்டத்தில் தரம் இறங்காமல் பார்த்துக்கொண்டார்.

இதைக் கேட்டு, எல்லாம் பழையதானால்தான் மதிப்பு என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உலகில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருடத்துக்குள் குடிக்க வேண்டியதுதான். நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையையே பாருங்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில், பந்தலில் படர்ந்து, வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு நிற்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பெருமை மணம். அதைப் பிழிந்து ஒயின் செய்தாலும் அந்த மணம் இருக்கும்போதே சுவைத்துவிட வேண்டும். பத்து வருடம் வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. நம் ஏலக்காயும் அப்படித்தான்: பச்சை நிறமும் வாசனையும் இருக்கும்போதே போடி ஏலத்துக்குப் போக வேண்டும். உடனே மணக்கப் பிறந்த பிள்ளையைப் பத்து வருடம் காக்கவைப்பதும் கொடுமை. நீங்கள் எந்த இனம் என்று உங்களை வளர்த்தவர்களும் நீங்களும் சேர்ந்து நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கபெர்னே கொடிக்குக் குளிர்ந்த இரவும் வறண்ட அறுவடைக் காலமும் வேண்டும். நம் மலையடிவாரத்தில், காட்டைத் தொடாமல், சொந்தப் பட்டா நிலத்தில், சற்று உயரமான இடம் உள்ளவர்கள் நாலு வரிசை நட்டுப் பார்க்கலாம். திராட்சை வளர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒயின் செய்யத்தான் அரசின் உரிமம் வேண்டும், அது பிறகு. கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று வருடம் ஆகும். பீப்பாய்க்கு ஒன்றரை வருடம், பாட்டிலுக்குப் பத்து. இருபது வயதில் நடுகிறவர் நாற்பதுக்குள் அதன் தீர்ப்பைச் சுவைத்துவிடலாம். நட நினைப்பவர்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். எந்த மண்ணில் எந்த வேர்ச்செடி பிடிக்கும் என்று ஆனைமலையன்பட்டிக்குப் போய்க் கேளுங்கள்.