இறங்கத் தெரிந்துகொண்டு ஏறுங்கள்

திருவொற்றியூரில் மேடு என்றால் மேம்பாலம்தான். எண்ணூர் விரைவுச் சாலையில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டி மிதித்து, கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஷிப்டுக்குப் போய்வந்த தலைமுறை எங்களுடையது. இன்று எங்கள் தெருப் பிள்ளைகள் கியர் சைக்கிளோடு ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் கிளம்புகிறார்கள். "ஏறிட முடியுமா தாத்தா?" என்று கேட்கிறார்கள். "பிரேக் எப்படி இருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

ஏற்றம் கஷ்டம்தான், ஆனால் அதில் ஏமாற்று வேலை கிடையாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளானாலும், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 வளைவுகளானாலும், சின்ன கியரில் நிதானமாக மிதித்தால் போதும். மூச்சு வாங்கினால் வண்டி தானே நின்றுவிடும். இறக்கத்தில் அப்படி இல்லை. களைத்தவனையும் பயந்தவனையும் சேர்த்தே அது இழுத்துக்கொண்டு ஓடும்.

பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கும் சூடு மிஞ்சினால் பிடிமானம் இழக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். வளைவுக்குள் போய் அழுத்தினால் சக்கரம் வழுக்கும். மேலே ஏறிவரும் வண்டிக்கு, இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

மலைச் சைக்கிள் விளையாட்டே இறக்கத்தில் பிறந்ததுதான். 1976 அக்டோபரில், கலிபோர்னியாவின் மாரின் பகுதியில், சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களில் ஒரு மண்பாதையில் பந்தயம் வைத்து இறங்கினார்கள். சுமார் 1,300 அடி இறக்கம். பின்சக்கர பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகைந்தே போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் விழுந்தது. வண்டியைத் திருத்தித் திருத்தித்தான் இன்றைய மலைச் சைக்கிள் உருவானது.

வேலையிலும் ஏற்றமும் இறக்கமும் இப்படித்தான். எங்கள் பேட்டையில் ஹெல்பராகச் சேர்ந்து ஃபோர்மேன் வரை உயர்ந்தவர்கள் நிறைய பேர். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டிலேயே அதிகாரம் செய்து, மருமகளிடமும் பேரனிடமும் மனஸ்தாபப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. கடைசி இரண்டு மூன்று வருடங்களில் கைவேலையை இளையவனுக்குக் கற்றுக்கொடுத்து, கடனை அடைத்து, முடிவெடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். வளைவு வருமுன் வேகம் குறைத்தவர்கள் அவர்கள்.

சைக்கிளில் முதல் மலைப் பயணத்துக்கு ஏலகிரி போதும். ஜோலார்பேட்டை வரை ரயில் இருக்கிறது. பிரேக் கட்டையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெயிலுக்கு முன் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.